சோனிக் ரைடர்ஸ்: கன்ட்ரோலரைக் கொடுக்குமுன் காற்றைச் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஜூன் விடுமுறை வந்தால் சிங்கப்பூரின் சமூக மன்றங்களிலும் வசிப்போர் குழுக்களின் அறைகளிலும் பிள்ளைகளுக்கு வீடியோ விளையாட்டுப் போட்டி வைப்பதுண்டு. பழைய சாதனங்களைத் தூசி தட்டி எடுத்துவரும் தொண்டூழியர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் சிக்கக்கூடிய வட்டுகளில் ஒன்று ‘சோனிக் ரைடர்ஸ்’. நல்ல விளையாட்டு. ஆனால் விளக்காமல் கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தால், பத்து நிமிடத்தில் பிள்ளைகள் “போரடிக்குது” என்று வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அது பிள்ளைகளின் குற்றமல்ல, விளையாட்டின் குற்றமும் பாதிதான். போட்டி நடத்துவோருக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1991ல் சேகா நிறுவனம் அறிமுகப்படுத்திய நீல நிற முள்ளெலி சோனிக்கைத் தெரியாதவர் குறைவு. அந்தத் தொடரிலிருந்து கிளைத்துப் பிறந்த பந்தய விளையாட்டுதான் சோனிக் ரைடர்ஸ். 2006 பிப்ரவரியில் கேம்கியூப், பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ் ஆகிய விளையாட்டுச் சாதனங்களுக்கு வந்தது. பிறகு கணினிக்கும் வந்தது. வழக்கமாக ஓடுகிற சோனிக் இதில் தரையைத் தொடாமல் மிதக்கும் பலகையில் ஏறிப் போட்டியிடுகிறான். அந்தப் பலகைகளுக்கு ‘எக்ஸ்ட்ரீம் கியர்’ என்று பெயர். எதிரணியில் ஜெட், வேவ், ஸ்டார்ம் என்ற மூன்று பறவைகள், ‘பாபிலான் ரோக்ஸ்’ கூட்டம். வெளிவந்தபோது விமர்சகர்களிடம் கலவையான வரவேற்புதான். கார்ப் பந்தயத்தைப் போல ஓட்டினால் இது கையில் அடங்காது. காரணம், காற்று.

திரையில் உங்கள் ஆட்டக்காரருக்கு ஒரு காற்றுத் தொட்டி காட்டப்படும். பலகை காற்றில் ஓடுகிறது. சும்மா போய்க்கொண்டிருந்தாலே காற்று மெல்லக் குறையும். திடீர் வேகம் தரும் பூஸ்ட் பொத்தானை அழுத்தினால் ஒரே மூச்சில் பெரிய பங்கு போய்விடும். டிரிஃப்ட் செய்து, அதாவது சறுக்கியபடி வளைந்தால் வளைகிற நேரமெல்லாம் கரையும். பின்னால் வருபவரைத் தடுக்கச் சுழற்காற்றை ஏவினால் அதற்கும் தனிச் செலவு. தொட்டி காலியானதும் ஆட்டக்காரர் பலகையிலிருந்து இறங்கி, அதைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பிப்பார். மற்றவர்கள் பறந்து முந்த, இவர் மட்டும் கால்நடையாக. புதிதாக ஆடும் பிள்ளை சலித்துப்போகும் இடம் இதுதான். ஏன் பலகை நின்றது என்றே அதற்குத் தெரியாது. பொத்தான் கெட்டுவிட்டது என்று நினைக்கும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் நம் பெரியவர்கள். இங்கே ஆற்றுக்குப் பதில் காற்று. முதல் அரை மணி நேரம் இந்த ஒன்றை மட்டும் கற்பித்தால் போதும்.

காற்று தீராமல் பார்த்துக்கொள்ள நான்கு வழிகள் உள்ளன. எல்லாருக்கும் கண்ணில் படுவது பிட் ஸ்டாப்: பாதையின் ஓரத்தில் இருக்கும், உள்ளே போனால் நின்றபடியே தொட்டி நிரம்பும். முழுவதும் நிரம்பக் காத்திருக்க வேண்டியதில்லை. குதிக்கும் பொத்தானை அழுத்திப் பாதியிலேயே கிளம்பலாம். பல பிள்ளைகளுக்கு இது தெரியாமல் கடைசிச் சுற்றிலும் முழுத்தொட்டிக்காக நின்று இடத்தை இழக்கிறார்கள். முடிவுக்கோடு கண்ணெதிரே இருக்கும்போது முழுத்தொட்டி எதற்கு?

பிட் ஸ்டாப்பை அறவே தவிர்க்க உதவுவது இரண்டாம் வழியான வித்தைகள். சரிவுமேடை வரும்போது குதிக்கும் பொத்தானை முன்கூட்டியே அழுத்திப் பிடித்து, மேடையின் விளிம்பில் விட வேண்டும். வானத்தில் இருக்கும்போது ஸ்டிக்கைச் சுழற்றினால் ஆட்டக்காரர் கரணம் அடிப்பார். தரையிறங்கியதும் சி-யில் தொடங்கி உச்சமான எக்ஸ் வரை ஒரு தரம் கிடைக்கும். தரம் உயர உயரக் காற்றும் கூடுதலாக நிரம்பும். இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கும். ஒன்று, விளிம்புக்கு முன்பே பொத்தானை விட்டுவிடுவது. உயரம் கிடைக்காது, சுழல நேரமிருக்காது. மற்றொன்று, தரை நெருங்கிய பிறகும் சுழற்றிக்கொண்டே இருப்பது. கரணத்தின் நடுவே தரையில் மோதினால் அதுவரை சேர்த்த தரம் சரிந்துவிடும். “நிழலைப் பார், நிழல் பெரிதானால் கையை எடு” என்று சொல்லிக்கொடுத்தால் சிறு பிள்ளைகளும் பிடித்துக்கொள்வார்கள்.

மூன்றாவது வழி, ஆட்டக்காரரின் வகையைப் பொறுத்தது. சோனிக், ஷேடோ, ஜெட், ஏமி ஆகியோர் வேக வகை: தண்டவாளக் கம்பிகள் மேல் சறுக்குவார்கள். டெய்ல்ஸ், கிரீம், வேவ், ரூஜ் பறக்கும் வகை: வானில் தொங்கும் வளையக் கதவுகளுக்குள் பாய்வார்கள். நக்கிள்ஸ், ஸ்டார்ம், எக்மேன் பலம் கொண்ட வகை: வழியில் நிற்கும் கார்களையும் தடுப்புகளையும் குத்தித் தள்ளுவார்கள். மூன்றுமே குறுக்குவழிகள், மூன்றுமே தொட்டியை நிரப்பும். எனவே ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுப்பது முகத்தைப் பார்த்துச் செய்யும் காரியமல்ல. அந்தப் பாதையில் எந்த வகைக் குறுக்குவழி நல்ல இடத்தில் இருக்கிறது என்று பார்த்துச் செய்வது. ஒரே நேரத்தில் எல்லாரும் சோனிக்கைத்தான் கேட்பார்கள், அது வேறு விஷயம். முதன்முறை ஆடுபவருக்கு நக்கிள்ஸ் அல்லது ஸ்டார்மைக் கொடுங்கள் என்பேன். கம்பியில் ஏறக் குதிக்கும் கணம் பிசகக்கூடாது. குத்தித் தள்ள, எதிரே இருப்பதை நோக்கிப் போனாலே போதும். பின்னர் பாதையில் பொறுக்கும் வளையங்கள் சேர்ந்ததும், விளையாட்டுக்குள் இருக்கும் கடையில் அவற்றைக் கொடுத்து வேறு கியர் வாங்கலாம். அவற்றில் சில, ஒரு வகை ஆட்டக்காரருக்கு இன்னொரு வகையின் திறனைத் தருபவை.

நான்காவது வழிக்குத் தனிப்பத்தி தகும், ஏனென்றால் அது நேரடியாகக் காற்றை நிரப்புவதில்லை, செலவைக் குறைக்கிறது. முன்னால் வேகமாகப் போகிறவர் தனக்குப் பின்னே ஒரு காற்றுச்சுழலை விட்டுச் செல்கிறார். பின்னால் வருபவர் அதற்குள் புகுந்தால், பூஸ்ட் அழுத்தாமலே முன்னவரைவிட விரைவாக இழுத்துச் செல்லப்படுவார். பேருந்தின் பின்னால் ஒட்டிப் போகும் சைக்கிளோட்டியைப் போல என்று சொல்லலாம். ஆனால் அதைச் சாலையில் செய்துபார்க்க வேண்டாம். இந்த ஒரு அமைப்பினால் ஆட்டத்தின் போக்கே மாறுகிறது. முதல் சுற்றில் முன்னால் நிற்பது லாபமல்ல, பின்னால் வருகிறவர்களுக்குப் பாதை போட்டுக்கொடுக்கும் வேலை. அனுபவசாலிகள் இரண்டாம் இடத்தில் பதுங்கி, தொட்டியை நிறைத்து வைத்துக்கொண்டு, கடைசிச் சுற்றில் வெளியேறி முந்துவார்கள். கை வேகம் குறைந்த பிள்ளையும் கெட்டிக்காரப் பிள்ளையோடு சேர்ந்தே ஓட முடிவதும் இதனால்தான். கலப்பு வயதுக் கூட்டத்துக்கு இதை நான் பரிந்துரைப்பதற்கு முதல் காரணமும் அதுவே.

வளையங்களைப் பற்றி இரண்டு எண்கள் தெரிந்தால் போதும். 30 சேர்ந்தால் இரண்டாம் நிலை, 60 சேர்ந்தால் மூன்றாம் நிலை. நிலை உயர்ந்தால் தொட்டியும் பெரிதாகும், வேகமும் கூடும். பூஸ்ட் அழுத்தியபடி எதிராளியை நெருங்கினால் தானாகவே தாக்குதல் நடக்கும். அடிபட்டவரின் வளையங்கள் சிதறும். ஆகவே 58 வளையத்தோடு கூட்டத்தின் நடுவே போவது புத்திசாலித்தனமல்ல. ஓரமாகப் போய் இன்னும் இரண்டைப் பொறுக்கிக்கொண்டு வரலாம்.

பூஸ்ட் எங்கே அழுத்துவது? நேர்ப்பாதையில் மட்டும். வளைவுக்குச் சற்று முன் அழுத்திச் சுவரில் மோதினால் காற்றும் போச்சு, வேகமும் போச்சு. வளைவுக்கு டிரிஃப்ட் இருக்கிறது. அதைச் சிறிது நேரம் பிடித்து வைத்திருந்து விட்டால், விடும் கணத்தில் ஓர் உந்துதல் கிடைக்கும். ஆனால் நீளப் பிடித்தால் தொட்டி கரைவதை மறக்கக்கூடாது. வளைவின் உட்புறத்தைத் தொட்டுக்கொண்டு, வெளியே நேர்ப்பாதை தெரிந்ததும் விடுவதுதான் கணக்கு.

தொடக்கக்கோடும் இந்த விளையாட்டில் ஒரு பரீட்சைதான். விளக்கு மாறும்வரை நிற்கும் முறை இல்லை. கோட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் நிற்பீர்கள், நேரம் கீழ்நோக்கி எண்ணப்படும், கோட்டில் மின்தடுப்பு இருக்கும். ஓடிவந்து பூஜ்யத்தில் கோட்டைத் தாண்ட வேண்டும். முந்தினால் மின்சாரம் தாக்கிச் சுருண்டு நிற்பீர்கள், பிந்தினால் வேகம் இல்லாமல் கிளம்புவீர்கள். பிள்ளைகளுக்கு நான் சொல்லும் முறை: எண்ணிக்கை தொடங்கியதும் ஓடாதே, கடைசி ஒரு நொடியில் ஓடு. பத்து முறை இதை மட்டும் பழகினால் சரியாகிவிடும்.

அப்படியும் சரியாகவில்லையென்றால் பழியைத் தொலைக்காட்சியின் மேல் போடுங்கள். இன்றைய தட்டைத் திரைகள் படத்தை மெருகூட்டிவிட்டுத்தான் காட்டும். அதற்குள் கண்ணிமைக்கும் நேரம் கடந்துவிடும். தொடக்கக்கோட்டிலும் மேடை விளிம்பிலும் அந்த நேரம்தான் வெற்றி தோல்வி. அமைப்புப் பட்டியலில் ‘கேம் மோடு’ இருக்கும், அதை முதலில் போடுங்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை கொண்ட பழைய கம்பிக்குச் செருகுமிடம் இல்லாத திரையானால், அதை எச்டிஎம்ஐ-க்கு மாற்றும் சிறு பெட்டி வாங்க வேண்டிவரும். அந்தப் பெட்டிக்கு யுஎஸ்பி வழியாகத் தனி மின்சாரம் கொடுத்தால்தான் படம் வரும். கொடுக்க மறந்துவிட்டு “சாதனம் செத்துவிட்டது” என்று கைவிடுவோர் உண்டு. படம் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரிந்தால் திரை விகிதத்தை 4:3 ஆக்குங்கள்.

சாதனம் எங்கே கிடைக்கும்? சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. இப்போது இணையத்தில் கைமாற்று விற்பனைதான் பெரும்பாலோருக்கு வழி. வாங்குமுன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

வட்டும் சாதனமும் ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். அமெரிக்க, ஜப்பானிய, ஐரோப்பியப் பதிப்புகள் தனித்தனி. பிளேஸ்டேஷன் 2, கேம்கியூப் இரண்டுமே வேறு வட்டார வட்டை ஏற்காது. வட்டு பளபளவென்று இருந்தும் ஓடாமல் போவதற்குப் பல வேளைகளில் இதுதான் காரணம், கீறல் அல்ல.

அடுத்தது மின்சாரம். நம் சுவரில் வருவது 230 வோல்ட். அமெரிக்கச் சாதனம் 120 வோல்ட்டுக்கும் ஜப்பானியச் சாதனம் 100 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டது. மூன்று முள் செருகிக்கு மாற்றும் சின்ன அடாப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை அல்ல. அதை நம்பிச் செருகினால் ஒரு பொசுங்கல் வாடையோடு கதை முடிந்தது. சாதனத்தின் பின்பக்கத்திலோ அதன் மின்பெட்டியிலோ ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். 230 அல்லது 240 என்று இல்லாவிட்டால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

மூன்றாவது, பிளேஸ்டேஷன் 2, கேம்கியூப் ஆகியவற்றுக்கு மெமரி கார்டு. அது இல்லாமலும் ஆடலாம், ஆனால் மின்சாரத்தை அணைத்ததும் திறந்த பாதைகளும் வாங்கிய கியர்களும் மறைந்துவிடும். கதைப் பகுதியில் சோனிக் அணியின் கதையை முடித்தால்தான் பாபிலான் அணியின் கதை திறக்கும். போட்டிக்கு முந்திய வாரமே யாராவது உட்கார்ந்து இதை முடித்துக் கார்டில் சேமித்து வைத்திருந்தால் பிள்ளைகளுக்குத் தேர்வு அதிகம்.

நால்வர் சேர்ந்து ஆட வேண்டுமானால் கேம்கியூப் அல்லது எக்ஸ்பாக்ஸ் வசதி, இரண்டிலும் கன்ட்ரோலருக்கு நான்கு செருகுமிடங்கள் உண்டு. பிளேஸ்டேஷன் 2-ல் இரண்டுதான். தொடக்ககால வீ (Wii) சாதனமும் கேம்கியூப் வட்டை ஏற்கும். மேற்புற மூடியைத் திறந்தால் நான்கு பழைய செருகுமிடங்கள் தெரியும். தெரியாவிட்டால் அது பிந்திய வகை, இதற்கு உதவாது. வீ-யின் அசைத்து ஆடும் ரிமோட்டை வைத்துக் கேம்கியூப் விளையாட்டை ஆட முடியாது என்பதையும் சொல்லிவைக்கிறேன். கேம்கியூப் கன்ட்ரோலரும் கேம்கியூப் மெமரி கார்டும் தனியே வேண்டும்.

இரண்டு மணி நேர நிகழ்ச்சியானால் நேராகப் போட்டியில் இறங்காதீர்கள். முதலில் மெட்டல் சிட்டி பாதையில் பூஸ்ட் பொத்தானுக்கே தடை. காற்று தானாக எப்படிக் குறைகிறது என்று பார்க்கட்டும். அடுத்து, பிட் ஸ்டாப்புக்குத் தடை. வித்தைகளாலும் குறுக்குவழிகளாலும் மட்டுமே மூன்று சுற்றையும் முடிக்க வேண்டும். அதன்பிறகு இருவர் இருவராக ‘டேக்’ முறை. அதில் இணைகள் ஒரே காற்றுத் தொட்டியைப் பகிர்ந்துகொள்வார்கள். ஒருவர் கண்மூடித்தனமாகப் பூஸ்ட் அழுத்தினால் இன்னொருவர் கூச்சல் போடுவார். காற்றுச் சிக்கனத்தைப் பற்றிப் பெரியவர் யாரும் அதற்குமேல் பேசத் தேவையிராது. புதியவர்களின் மூன்று சுற்றுப் பந்தயம் நான்கைந்து நிமிடம் பிடிக்கும், வரிசையில் நிற்பவர்களுக்கு அது தாங்கக்கூடிய காத்திருப்பு. திரையை நான்காகப் பிரிக்கும்போது எழுத்துகள் பொடியாகிவிடும். சிறிய தொலைக்காட்சியை வைத்தால் தங்கள் தொட்டியின் அளவே பிள்ளைகளுக்குத் தெரியாது.

இனி, இதன் தம்பிகள். 2008ல் வீ-க்கும் பிளேஸ்டேஷன் 2-க்கும் வந்த ‘சோனிக் ரைடர்ஸ்: ஜீரோ கிராவிட்டி’ காற்றுத் தொட்டியையே தூக்கிவிட்டு ஈர்ப்புவிசைப் புள்ளிகளைக் கொண்டுவந்தது. செங்குத்தான வளைவில் ஈர்ப்பைத் திருப்பிச் சடாரென்று திரும்பலாம், அல்லது பள்ளத்தில் விழுவதுபோல் முன்னோக்கிப் பாயலாம். பழகுவதற்கு எளிது. ஆனால் மேலே நான் விவரித்த சேமிப்புக் கணக்கு அதில் இல்லை. எனக்கு அது சற்று உப்புக் குறைந்த சமையல்.

2010ல் வந்த ‘சோனிக் ஃப்ரீ ரைடர்ஸ்’ முற்றிலும் வேறு. எக்ஸ்பாக்ஸ் 360-உம் கினெக்ட் கேமராவும் இருந்தால்தான் ஆட முடியும், கன்ட்ரோலர் கிடையாது. பலகைமேல் நிற்பதுபோல் திரைக்குப் பக்கவாட்டில் நின்று, உடம்பைச் சாய்த்துத் திருப்ப வேண்டும், குனிந்து எம்பிக் குதிக்க வேண்டும். கேமராவிலிருந்து ஒருவர் ஆட 1.8 மீட்டர், இருவர் ஆட 2.4 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மூவறை அடுக்குமாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறையில் சோபாவையும் மேசையையும் நகர்த்தினாலொழிய இது நடக்காது. தலைக்குமேல் மின்விசிறி, காலுக்குக்கீழ் அடுத்த வீட்டுக்காரர் என்பதையும் கணக்கில் எடுங்கள். கேமராவை 0.6 முதல் 1.8 மீட்டர் உயரத்துக்குள் வைக்க வேண்டும். வெயில் நேராக விழும் அறையில் அது ஆளைச் சரியாக அடையாளம் காணாது, திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். பழைய தடித்த எக்ஸ்பாக்ஸ் 360-ல் கினெக்ட்டை இணைக்கத் தனி மின்கம்பி வேண்டும், யுஎஸ்பி மின்சாரம் அதற்குப் போதாது. மெலிந்த வகையில் நேரடிச் செருகுமிடம் உண்டு. கினெக்ட் தயாரிப்பு 2017லேயே நின்றுவிட்டதால், விற்பவர் அந்த மின்கம்பியைத் தொலைத்திருந்தால் பேரத்தை விட்டுவிடுவதே மேல்.

இந்த விளையாட்டை ஆடி முடித்த பிள்ளை அடுத்து உண்மையான ஹோவர்போர்டு கேட்கலாம். கடையில் அந்தப் பெயரில் விற்பது மிதப்பதில்லை, இரு சக்கரத்தில் உருள்வது. சிங்கப்பூரில் 2020 ஏப்ரல் 3 முதல் அத்தகைய மோட்டார் பொருத்திய சாதனங்களை நடைபாதையில் ஓட்டக்கூடாது. சைக்கிளோட்டப் பாதையில் மட்டுமே அனுமதி, அங்கும் மணிக்கு 25 கிலோமீட்டர்தான் உச்சம். யுஎல்2272 தீப்பாதுகாப்புத் தரத்துக்கு உட்படாத சாதனங்களைப் பொதுப் பாதைகளில் 2020 ஜூலை முதல் பயன்படுத்தவே கூடாது. அப்படி ஒன்று மலிவாக வருகிறதென்று வாங்கி வீட்டுக்குள் இரவு முழுக்க மின்னூட்டுவது, தீப்பெட்டியைத் தலையணைக்கு அடியில் வைப்பதற்குச் சமம்.

நிகழ்ச்சி நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். அறிவிப்பில் ‘சோனிக் ரைடர்ஸ் போட்டி’ என்று மட்டும் போட்டால், மூன்றில் எது என்று பெற்றோருக்குத் தெரியாது. ஒன்றுக்கு நாற்காலி போதும், இன்னொன்றுக்குக் காலணியைக் கழற்றிவிட்டுக் குதிக்க வேண்டும். வெளிவந்த ஆண்டையும் சாதனத்தின் பெயரையும் கூடவே அச்சிடுங்கள்.

இங்ஙனம்,
தெம்பனிஸ் வட்டார வாசகர்